பேற்றர் யாக்கோப்பின் மகன்

நான் இருபத்தாறு வருடம் வேலைசெய்த காப்பகத்தில் இப்போது அட்டைகள் இல்லை. எல்லாவற்றையும் படமெடுத்துக் கணினிக்குள் போட்டுவிட்டார்கள். அட்டைகள் இருந்த மர லாச்சிகளை ஒரு பூக்கடைக்காரர் அலங்காரத்துக்கென்று ஏற்றிக்கொண்டு போனாராம். அங்கே புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் போன வசந்தகாலத்தில் என்னைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டார்கள். ஓர் ஆளைக் கண்டுபிடிக்க நீங்கள் ஆறு மாதம் எடுப்பீர்களாமே, உண்மையா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்கள். அவர்களுடைய கணினி அதே வேலையை நாலு விநாடியில் முடிக்கிறதாம். உண்மைதான் என்றேன். ஆனால் இல்லாத ஓர் ஆளை உண்டாக்க எனக்கு அரை மணித்தியாலம்தான் எடுத்தது என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

ஜேர்மனியில் எசன் நகருக்குப் பக்கத்தில், மா அரைக்கும் பழைய ஆலை ஒன்றின் இரண்டாம் மாடியில் இருந்தது எங்கள் காப்பகம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு ஐரோப்பாவில் கார்ப்பந்தயம் ஓடியவர்களைப் பற்றிய தாள்கள் அங்கே இருந்தன. புகழ்பெற்றவர்களை நாங்கள் தேடுவதில்லை; அவர்களுக்குப் புத்தகமும் சிலையும் உண்டு. எங்களுக்கு வேண்டியவர்கள் 'பிறிவாற்ஃபாரர்' எனப்பட்டவர்கள். எந்தக் கம்பனியின் குழுவிலும் சேராமல், யுத்தத்தில் மிஞ்சிய இராணுவ வண்டியின் அடிச்சட்டத்தில் மோட்டார்சைக்கிள் எஞ்சினைப் பூட்டி, விழுந்த விமானத்தின் தகட்டை வளைத்து மேலே மூடி, ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே பந்தயத்துக்கு இழுத்துக்கொண்டு போன இறைச்சிக்கடைக்காரர்கள், பேக்கரிக்காரர்கள், பல்வைத்தியர்கள். அனேகமானவர்களின் கார் இரண்டாவது சுற்றில் நின்றுவிடும். அடுத்தநாள் பத்திரிகையில் பெயர் பிழையாக வரும். அதோடு அவர்களின் சரித்திரம் முடிந்தது. அவர் யார், அந்தக் கார் பிறகு எங்கே போனது, இப்போது எந்த மாட்டுத்தொழுவத்தில் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை.

இதை என் மனைவி பவானிக்கு விளங்கப்படுத்தும்போது 'சொந்தக் கார்க்காரர்' என்று தமிழாக்கினேன். அது வினையாகப் போய்விட்டது. ஒரு கோடையில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போனபோது, இவருக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடமெல்லாம் பவானி, "இவர் சொந்தக்காரரைத் தேடிக் குடுக்கிற ஒஃபிஸில இருக்கிறார்" என்று சொல்லிவிட்டாள். அன்னதான வரிசையில் நின்ற என்னிடம் மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்குக் கனடாவில் தொலைந்த மச்சான். இன்னொருவருக்குப் பிரான்சில் பெரியப்பா. மூன்றாவதாக வந்த அக்காவுக்கு, இதே ஜேர்மனியில் ஒன்பது வருடமாகக் கதை பேச்சில்லாத ஒரு மைத்துனர். அந்த மைத்துனரை மட்டும் நான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அவர் கால்வாய்க்கரையில் காவடிக்காரருக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்றார். என் தொழில் வாழ்க்கையில் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்த தேடல் அது ஒன்றுதான்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சின்னது. யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதி எழுதும் கிளாக்கராக இருந்தேன். அகதியாக இங்கே வந்து சில வருடம் கோப்பை கழுவினேன், சில வருடம் பெட்டி அடுக்கினேன். ஒருநாள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஆளைச் சந்திக்க எனக்கொரு ரெர்மீன் கிடைத்தது. உங்கள் நாட்டில் என்ன செய்தீர்கள் என்று அங்கிருந்த பெண் கேட்டார். பழைய தாள்களில் இருக்கும் விளங்காத கையெழுத்தை வாசித்து, எந்தத் துண்டு யாருடையது என்று சொல்வேன் என்றேன். அவர் சிரிக்காமல் கணினியில் எதையோ தட்டி, மாவாலைக் கட்டிடத்தின் விலாசத்தைத் தந்தார். ஒரு வருடத் திட்டம் என்றார்கள். இருபத்தாறு வருடம் இருந்துவிட்டேன்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். என் பெயர் குணரத்தினம். அப்பாவின் பெயர் சின்னையா. நாங்கள் அப்பாவின் பெயரை முன்னால் எழுதி, எங்கள் பெயரைப் பின்னால் எழுதுகிறவர்கள். அகதி விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டம் இருந்தது. எங்களுக்கு அப்படியொன்று இல்லை. வெற்றாக விட்டால் அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். அன்றிலிருந்து ஜேர்மனியில் நான் ஹெர் சின்னையா, திருவாளர் சின்னையா. சைக்கிள்கூட ஓடத் தெரியாத அப்பாவின் பெயரில் எனக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் தந்தார்கள். வேலைக்குப் பிந்தி வந்தால் அப்பாவுக்குத்தான் பேச்சு விழும்.

எங்கள் தலைவி கலாநிதி ஹெல்விக். நான் சேரும்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். ஓய்வு பெறும் வயது வந்தபோது அவருக்கு நேரமிருக்கவில்லை. பிறகு அதை ஞாபகப்படுத்த யாருக்கும் துணிவில்லை. நெடிய, ஒல்லியான பெண். கழுத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் தொங்கும். ஒன்று தாளைப் பார்க்க, மற்றது மனிதரைப் பார்க்க. தாளுக்கான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனிதரைப் பார்த்தாரென்றால் ஏதோ பிழை நடந்திருக்கிறது என்று அர்த்தம். அவர் ஒருவரையும் ஏசியதில்லை. "ஆ ஸோ" என்பார், அவ்வளவுதான். நம்மில் 'அப்படியா' என்பதுபோல. ஆனால் அதில் மூன்று அளவு இருந்தது. கட்டையான ஆ ஸோ என்றால் நம்புகிறேன். நடுத்தரமானது என்றால் திரும்பப் போய்ப் பார். நீளமானது என்றால் கதவைச் சாத்திவிட்டுக் கதிரையில் உட்கார்.

காப்பகத்துக்குள் பேனை கொண்டுபோக முடியாது. கோயில் வாசலில் செருப்பு விடுவதுபோல வாசலில் இருந்த கிண்ணத்தில் எல்லோரும் பேனையைப் போட்டுவிட்டு, கையைக் கழுவி, ஆளுக்கொரு பென்சிலை எடுத்துக்கொண்டு போகவேண்டும். ஒவ்வொரு பந்தயக்காரருக்கும் ஓர் அட்டை. மேலே பெயர், கீழே கார், எஞ்சின், ஊர். அடியில் மூன்று கோடுகள், மூன்று சாட்சிக்கு. தொடக்கப் பட்டியல், பத்திரிகைத் துண்டு, படம், உயிரோடிருக்கும் மனிதர், எதுவாகவும் இருக்கலாம்; ஆனால் ஒன்று மற்றதைப் பார்த்துக் கொப்பி அடித்ததாக இருக்கக்கூடாது. ஒரு சாட்சி என்றால் அது கதை, இரண்டு என்றால் வதந்தி, மூன்று என்றால்தான் தகவல் என்பார் கலாநிதி. மூன்றாவது கோட்டை நிரப்பச் சிலவேளை இரண்டு வருடம் காத்திருப்போம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே நான் ஒரு மாபெரும் பந்தயக்காரரைக் கண்டுபிடித்தேன். அவர் பெயர் என். என். எந்தப் பந்தயத்தின் தொடக்கப் பட்டியலை எடுத்தாலும் அவர் இருந்தார். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பெல்ஜியத்திலும் ஒஸ்ரியாவிலும் பெயர் கொடுத்திருந்தார். இன்ன கார்தான் வேண்டுமென்று இல்லை, எது கிடைத்தாலும் ஓடுவார். எங்கள் ஊரில் என். என். என்றால் நாகலிங்கம் நடராசா, நல்லதம்பி நவரத்தினம். பாடசாலை அதிபருக்கும் தபால் அதிபருக்கும் பொருத்தமான கண்ணியமான இனிசல். முழுப்பெயரை வெளியில் விடாத கூச்ச சுபாவமுள்ள மனிதர் என்று நினைத்தேன். நாலு அட்டை நிறைய எழுதினேன். பெயர் கொடுத்த பந்தயம் ஒன்றையாவது அவர் ஓடி முடிக்கவில்லை என்பது மட்டும் மனவருத்தமாக இருந்தது. பவானியிடம் சொன்னேன். "பாவம், விடாமுயற்சியுள்ள மனுசன்" என்றாள்.

கலாநிதி நாலு அட்டையையும் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். பிறகு தாளுக்கான கண்ணாடியைக் கழற்றாமலே என்னைப் பார்த்தார். ஆ ஸோ வந்தது. அது முடியும்வரை நின்றுவிட்டு நான் கதவைச் சாத்திக் கதிரையில் உட்கார்ந்தேன். பட்டியல் அச்சடிக்கும் நேரத்தில் சாரதி யாரென்று முடிவாகாவிட்டால் அந்த இடத்தில் போடும் இலத்தீன் சுருக்கம்தான் என். என். என்று விளங்கப்படுத்தினார். பெயர் தெரியாது என்பதே அதன் அர்த்தம். அந்த அட்டைகளை அவர் எறியவில்லை. ஒவ்வொரு வருடமும் நத்தார் விருந்தில், "ஹெர் என். என். இந்த முறையும் வரவில்லை" என்று சொல்லித் தன் கிளாசை ஒரு வெறுங் கதிரையை நோக்கி உயர்த்துவார். எல்லோரும் உயர்த்துவோம்.

எங்கள் தொழிலின் பிரதான கருவி தொலைபேசி. பந்தயக்காரர் இறந்திருப்பார், மனைவி இருப்பார். கலாநிதியின் முறைப்படி விதவைகளிடம் காரைப் பற்றிக் கேட்கக்கூடாது. கேட்டால், எனக்கொன்றும் தெரியாது என்று தொலைபேசியை வைத்துவிடுவார்கள். அந்தக் காரால் வீட்டில் எது பழுதானது என்று கேட்கவேண்டும். நாற்பது வருட ஆத்திரம் அப்போது வெளியே வரும், அதன் பின்னால் தகவலும் வரும். ஒரு மூதாட்டி, தன் கணவர் சமையலறைப் போறணையில் பிஸ்ரனைச் சூடாக்கியதால் அந்த நத்தாருக்குப் பொரித்த வாத்து முழுக்க எஞ்சின் ஒயில் மணந்ததென்று சொன்னார். எஞ்சின் மாற்றியது எந்த வருடம் என்பது அவருக்குத் தெரியவில்லை. வாத்து எந்த வருடம் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார். அந்த எஞ்சின் மாற்றத்துக்கு மூன்றாம் சாட்சியாகக் கலாநிதி 'வாத்து' என்று அட்டையில் எழுதினார்.

இனி அந்தக் கடிதத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. கலாநிதி மறக்கப்பட்ட பந்தயக்காரர்களைப் பற்றித் தடித்த புத்தகம் ஒன்று எழுதி வெளியிட்டுப் பல வருடமாகியிருந்தது. அதை வாசித்த ஒரு பெண், வெஸ்ரவால்ட் மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதியிருந்தார். பெயர் அனலீசே பெண்டர். வயது எழுபதுக்கு மேல். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அவருடைய அப்பா பேற்றர் யாக்கோப், பால் சேகரிக்கும் லொறியின் சாரதி. பால் கானையே பெற்றோல் தாங்கியாகப் பூட்டி ஒரு நீலக் கார் செய்து பந்தயம் ஓடியவர். புத்தகத்தில் அவருக்கு ஒரு பந்தி இருந்தது. அதன் கடைசி வசனத்தை அவர் கடிதத்தில் அப்படியே எழுதியிருந்தார்: 'பின்னர் அதே காரை, திருமணத்துக்கு வெளியே பிறந்து தாயின் குடும்பப் பெயரைக் கொண்டிருந்த அவரது மகன் யாக்கோப் பேற்றர் ஓட்டினார்.'

ஃபிறவ் பெண்டர், அதாவது திருமதி பெண்டர், தாய்தகப்பனுக்கு ஒரே பிள்ளை. அப்படித்தான் அதுவரை நினைத்திருந்தார். புத்தகத்தை வாசித்த அன்றே சுவரில் இருந்த அப்பாவின் படத்தைக் கழற்றி நிலவறையில் உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாராம். கல்லறைக்குப் போவதை நிறுத்தினாராம். கணக்குப் போட்டும் பார்த்திருக்கிறார். பந்தயம் ஓடியபோது மகனுக்குக் குறைந்தது பதினெட்டு வயது இருக்கவேண்டும். அப்பாவுக்கு அப்போது முப்பத்துமூன்று. அப்படியென்றால் அப்பாவுக்குப் பதினைந்து வயதில் பிள்ளை. 'எல்லாவற்றுக்கும் பிந்தி வருகிற மனிதர், இதற்கு மட்டும் முந்திவிட்டார்' என்று எழுதியிருந்தார். ஆனாலும் கலாநிதிப் பட்டம் பெற்றவர் எழுதி, அச்சில் வந்த விஷயம். நம்பிவிட்டார். நாலு வருடம் இறந்த அப்பாவோடு சண்டை பிடித்தார். ஐந்தாவது வருடத்தில் மன்னித்து, படத்தைத் திரும்பச் சுவரில் மாட்டினார். இப்போது அவருக்கு ஒரே ஒரு விருப்பம். அண்ணன் உயிரோடு இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார், தயவுசெய்து கண்டுபிடித்துத் தாருங்கள் என்று கடிதத்தை முடித்திருந்தார்.

கலாநிதி கடிதத்தை என்னிடம் தந்து, உங்கள் கடைசி ஆள் இவராக இருக்கட்டும் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. உடனே முறைப்படி தொலைபேசி எடுத்து, அந்தக் காரால் என்ன பழுதானது என்று ஃபிறவ் பெண்டரிடம் கேட்டேன். ஒருமுறை அப்பா பால் கானையும் பெற்றோல் கானையும் மாற்றிவிட்டாராம். கிராமம் முழுக்கக் கோப்பியில் பெற்றோல் மணந்ததாம். பாதிரியார் பூசையிலேயே அதைப் பற்றிப் பேசினாராம். சொல்லிச் சிரித்தார். பிறகு, "அண்ணனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?" என்று கேட்டார். அப்படி ஒன்றும் எங்கள் அட்டைகளில் எழுதுவதில்லை என்றேன்.

தொலைபேசியை வைத்த பிறகுதான் அந்தப் பதினைந்து வயது என் மண்டையைக் குடையத் தொடங்கியது. லாச்சியைத் திறந்து யாக்கோப் பேற்றரின் அட்டையை எடுத்தேன். பென்சில் எழுத்து. உருண்டை உருண்டையாக, காணி உறுதி எழுதிப் பழகிய கை. என்னுடைய கை.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம் கலாநிதி மூட்டுவலிக்காக மூன்று வார ஓய்வுச் சிகிச்சைக்குப் போயிருந்தார். அப்போது எழுதியது. நீலக் கார், பால் கான், பேற்றர் யாக்கோப் என்று இரண்டு தாள்கள் ஏற்கெனவே இருந்தன. பவேரியாப் பக்கத்து மலையேற்றப் பந்தயம் ஒன்றின் பட்டியலில் வெட்டிய சின்னத் துண்டு கைக்கு வந்தது: அதே நீலக் கார், யாக்கோப் பேற்றர். காணி உறுதி எழுதிய ஒருவனுக்கு இதில் என்ன சந்தேகம் வரும்? முதலாவது ஆள், பேற்றரின் மகன் யாக்கோப். இரண்டாவது ஆள், யாக்கோப்பின் மகன் பேற்றர். பேரனுக்குப் பாட்டனாரின் பெயரை வைத்திருக்கிறார்கள். நல்ல குடும்பம் என்றுகூட நினைத்தேன். தகப்பனின் கார் மகனுக்கு வந்திருக்கிறது, காணி வருவதுபோல. ஒன்றில் 'தந்தை' என்றும் மற்றதில் 'மகன்' என்றும் எழுதி, அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்ததென்று தேநீர் குடிக்கப் போனேன்.

அதற்குப் பிறகு நடந்ததை அட்டையின் அடியிலிருந்த கோடுகளே சொல்லின. முதல் சாட்சி, அந்த வெட்டுத்துண்டு. இரண்டாவது, ஒரு பழைய கார்ப் பிரியர் சஞ்சிகையில் வந்த கட்டுரை. அதை எழுதியவர் எங்கள் அட்டையைப் பார்த்து எழுதியிருந்தார். கீழே, காப்பகத்தின் அன்பான ஊழியருக்கு நன்றி என்றும் போட்டிருந்தார். அந்த அன்பான ஊழியர் நான். மூன்றாவது, அந்தக் கட்டுரையைப் பார்த்து வேறொருவர் தொகுத்த பட்டியல். மூன்று கோடும் நிரம்பிவிட்டது, மூன்றிலும் சாட்சி நான்தான். கலாநிதி புத்தகம் எழுதும்போது மூன்று சாட்சி இருப்பதைக் கண்டார். ஆனால் பெயரில் பின்னால் வருவதுதான் குடும்பப் பெயர், யாக்கோப்பின் மகன் எப்படிப் பேற்றர் என்ற குடும்பப் பெயரோடு இருக்க முடியும் என்று ஜேர்மன்காரியாக யோசித்தார். நாகரிகமான ஒரே விடை, தாயின் பெயர். அப்படித்தான் அந்தப் பிள்ளை திருமணத்துக்கு வெளியே பிறந்தது.

உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. அந்தப் பவேரிய ஊரின் நகராட்சிக் காப்பகத்துக்கு, முழுப் பட்டியலின் பிரதி வேண்டுமென்று படிவம் நிரப்பி அன்ராக் போட்டேன். ஆறு வாரம் எடுத்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஃபிறவ் பெண்டர் தொலைபேசி எடுத்தார். அண்ணனால் மாடி ஏற முடியாமல் இருக்கலாம், கீழறையை ஒதுக்கிவிட்டேன் என்றார் ஒரு வெள்ளி. அடுத்த வெள்ளி, அந்த அறைக்கு நீலத் திரைச்சீலை தைத்துவிட்டதாகச் சொன்னார். நான் "தேடுகிறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் உண்மையாகவே இருந்துவிட்டால் எவ்வளவு நல்லது என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக என் பிழை சரியாக இருக்கவேண்டுமென்று ஆசைப்பட்டேன்.

பிரதி வந்தது. அந்தத் தாளில் எல்லோருமே தலைகீழாக நின்றார்கள். சிறுபிள்ளைக்கும் தெரிந்த ஒரு சம்பியனின் பெயர்கூடப் பின்னது முன்னாக இருந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் பேச்சில் குடும்பப் பெயரை முதலில் சொல்வார்களாம், பட்டியலையும் அப்படியே அடித்துவிட்டார்கள், இடையில் ஒரு கமாகூட இல்லாமல். ஒன்பதாம் இலக்கம், யாக்கோப் பேற்றர். அது பேற்றர் யாக்கோப்பேதான்.

கலாநிதியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்காமலே கதவைச் சாத்திவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன். அவர் அட்டையைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், அவருடைய புத்தகத்தைத் திறந்து அந்தப் பந்தியைப் பார்த்தார். ஆ ஸோ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "நீங்கள் பேற்றர் யாக்கோப்புக்கு ஒரு மகனைத்தான் கொடுத்தீர்கள்" என்றார். "அவருடைய மானத்தை வாங்கியது நான்." பிறகு இரண்டு கண்ணாடியையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, திருத்தக் குறிப்பை அச்சிட்டுக் கடிதத்தோடு அனுப்பலாமா என்று கேட்டார். அவர் என்னிடம் எதையாவது கேட்டு முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

வீட்டில் பவானி கடிதமே வேண்டாமென்றாள். "கடிதம் போட்டா சின்னையா எண்டுதான் கையெழுத்து வைப்பியள். பிழைவிட்டது குணரத்தினம். நேரில போய்ச் சொல்லுங்கோ" என்றாள். போகிற நாளன்று ஒரு டப்பா நிறையப் பயத்தம்பணியாரமும் தந்தாள். "வெறுங்கையோட போகாதேங்கோ. ஒரு மனுசியின்ர தமையனைப் பறிக்கப் போறியள்."

வருகிறேன் என்று மட்டும் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பான் நகரைத் தாண்டிப் போய், ரயில் மாறி, பிறகு ஒரு பஸ் எடுத்தேன். ஃபிறவ் பெண்டர் வாசலில் நின்றார். கட்டையான, உருண்டையான பெண். அன்று காலைதான் சிகையலங்காரக் கடைக்குப் போய்வந்தது தெரிந்தது. வாசல் மூலையில் ஒரு பால் கானுக்குள் குடைகள் நின்றன. மேசையில் அப்பிள் கேக், மூன்று கோப்பைகள். மூன்றாவது யாருக்கென்று நான் கேட்கவில்லை. சுவரில் அவருடைய அப்பா இருந்தார். பெரிய காதுகள், பந்தயக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டுச் சிரிக்கிறார். இருபத்தைந்து வருடமாகப் பெயர் தெரிந்த ஆளின் முகத்தை அன்றுதான் கண்டேன்.

கெட்ட செய்தியைக் கோப்பி ஊற்றுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்பதும் கலாநிதியின் முறைதான். சொன்னேன். ஒரு தாளில் சின்னையா என்றும் குணரத்தினம் என்றும் எழுதினேன். இதில் எது நீங்கள் என்று கேட்டார். பின்னால் இருப்பதைத் தொட்டுக் காட்டினேன். முன்னால் இருப்பவர் என் அப்பா, எங்கள் ஆட்கள் இப்படித்தான் எழுதுவார்கள், உங்கள் அப்பாவையும் அப்படி வாசித்துவிட்டேன் என்றேன். பவேரியப் பட்டியலை விரித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை ஒவ்வொரு பெயராக இறக்கி வந்து, ஒன்பதாவதில் நிறுத்தினார். விரல் அங்கேயே நின்றது.

அப்படியென்றால் ஒரே ஆள்தானா என்று கேட்டார். ஒரே ஆள்தான் என்றேன். பதினைந்து வயதில் அப்பா என்னதான் செய்துகொண்டிருந்தார் என்று கேட்டார். மாடு மேய்த்திருப்பார் என்றேன். குபீரென்று சிரித்தார். சிரிப்பு வந்த மாதிரியே நின்றும் போனது.

"உருளைக்கிழங்கு உரிக்கும்போது அண்ணனோடு கதைத்துப் பழகிவிட்டேன்" என்றார். "எழுபது வயதில் தங்கச்சியாக இருப்பது நன்றாக இருந்தது."

எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் நாட்டில் பட்டியல்களில் இருந்து மனிதர்கள் காணாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். பட்டியலைப் பார்த்து ஒருவருக்கு ஓர் அண்ணனைக் கொடுத்துவிட்டு, பிறகு அதையும் பறித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க நினைத்தேன். அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறதென்று விட்டுவிட்டேன்.

அவர் எழுந்து மூன்றாவது கோப்பையை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார். மற்ற இரண்டிலும் கோப்பி ஊற்றினார். பணியார டப்பாவைத் திறந்து ஒன்றைக் கடித்துப் பார்த்து, இது இனிப்பா காரமா என்று கேட்டார். இனிப்பு என்றேன். இரண்டாவதையும் எடுத்தார். சுவரிலிருந்த அப்பாவைப் பார்த்தார்.

"அவரை மன்னிக்க எனக்கு நாலு வருடம் எடுத்தது" என்றார். "லேசான வேலை இல்லை. இப்போது பார்த்தால் அவருக்கு அது தேவையே இல்லை. அதை வைத்து நான் என்ன செய்வது?"

நான் பவேரியப் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"அப்படியென்றால் அதையும் நீங்களே கொண்டுபோங்கள்" என்றார். "புத்தம் புதுசு. அப்பா அதைத் தொடவே இல்லை."

நான் வேண்டாமென்று சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.